ஏர் ரைபிளின் குட்டி ஸ்பிரிங் எகிறிவிட்டதா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குறிபார்த்துச் சுட்டுப் பழக 0.177 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) ஏர் ரைபிள் வைத்திருக்கிறேன். பேரலை மடக்கி ஏற்றும் வகை. ட்ரிகர் கரகரவென்று இருந்ததால் பின்களைத் தட்டிக் கழற்றினேன். சின்ன ஸ்பிரிங் ஒன்று எங்கேயோ பறந்துவிட்டது. மிச்சத்தை வீட்டிலேயே பூட்டலாமா?"

பூட்டலாம். ஆனால் இனி ஒரு பின்னைத் தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மடக்கு பேரல் ரைபிளில், பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அமுக்கும் மெயின் ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் அமுங்கியேதான் இருக்கும், ஏற்றாத போதும்கூட. பல மாடல்களில் ட்ரிகர் பெட்டியைப் பிடித்திருக்கும் பெரிய பின்கள்தான் அந்த ஸ்பிரிங்கையும் தடுத்து நிறுத்துகின்றன. அந்தப் பின்களை உருவினால் ட்ரிகர் பெட்டி முகத்துக்கு நேராகப் பாயும். எனவே ட்ரிகருக்குள் இருக்கும் சிறிய பின்கள் உங்கள் பாடு. மெயின் ஸ்பிரிங் இருக்கும் குழாயின் குறுக்கே போகும் தடித்த பின்களைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி உள்ளவரிடம் கொடுங்கள்.

காணாமல் போன ஸ்பிரிங்கைக் காந்தத்தால் தேடுங்கள். நான் முதன்முதலில் தொலைத்தது மூன்று நாள் கழித்து, அம்மா ராகி புடைத்த முறத்தில் கிடைத்தது. அன்றிலிருந்து பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுத்தான் கழற்றுகிறேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், எதுவும் பறக்காது. கிடைக்காவிட்டால் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டுச் சமாளிக்காதீர்கள். விறைப்பு மாறினால், பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் ட்ரிகர் கொக்கி சரியாக மாட்டாது. ஏற்றிய ரைபிள் தானாக விடுபடலாம். அதே மாடலின் ஸ்பிரிங்கைத்தான் வாங்க வேண்டும்.

பூட்டும்போது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. இனிமேலாவது ஒவ்வொரு படிக்கும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணியால் தட்டினால் பின்னின் முனை விரிந்து துளையைக் கெடுக்கும். பின்னைவிடச் சற்றே மெலிந்த, முனை தட்டையான பஞ்ச் வேண்டும். ஓசூர்ப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். ஸ்குரூ டிரைவரும் திருகின் வெட்டில் ஆடாமல் உட்கார வேண்டும்.

ட்ரிகர் உரசும் இடங்களில் மாலிப்டினம் கிரீஸ் ஒரு பொட்டு போதும். கொக்கி முனையை அரத்தால் ராவி "சாஃப்ட்" ஆக்குவது வேண்டவே வேண்டாம். காற்று அமுங்கும் அறைக்குள் எண்ணெய் விடுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு, டப்பென்று வெடித்து, காற்று கசியாமல் தடுக்கும் பிஸ்டன் சீலைக் கெடுக்கும்.

பூட்டி முடித்ததும் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லாமல் சுட்டுப் பார்க்கத் தோன்றும். கூடாது, பிஸ்டன் தடையில்லாமல் போய் மோதும். பெல்லட் போட்டு மண்மேட்டை நோக்கிச் சுடுங்கள். ஏற்றும்போதும் பெல்லட் வைக்கும்போதும் ஒரு கை பேரலை விடவே கூடாது. பேரல் திறந்திருக்கையில் கொக்கி நழுவினால் விரல் நசுங்கிவிடும். ட்ரிகரைத் தொடாமலே ஒருமுறை விடுபட்டாலும் போதும், மறுபடி ஏற்றாமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

அப்புறம், இதெல்லாம் ஏர் ரைபிளுக்கு மட்டும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் பயிர்க் காவலுக்கு உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் துடைத்து எண்ணெய் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். மாந்தோப்புக் கிளிமேல் ஏர் ரைபிளைச் சோதித்துப் பார்ப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான்.