பண்டைய ஏதென்ஸில் குற்றம் செய்யாத தலைவர்களைக்கூட மக்கள் ஓட்டுப் போட்டு நாடு கடத்தினார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஆஸ்ட்ரசிசம் என்று அதற்குப் பெயர். குற்றச்சாட்டு, விசாரணை எதுவும் கிடையாது.

வருடத்துக்கு ஒருமுறை, இந்த வருடம் யாரையாவது அனுப்பலாமா என்று மக்கள் சபையில் கேட்பார்கள். சபை சம்மதித்தால் சுமார் இரண்டு மாதம் கழித்து அகோரா திடலில் வாக்கெடுப்பு. வேண்டாதவர் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போட வேண்டும். 6,000 ஓடாவது விழுந்தால்தான் செல்லும். அதிக ஓடுகளில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பத்து நாளுக்குள் கிளம்பிவிட வேண்டும், பத்து வருடம் திரும்பக் கூடாது. ஆனால் சொத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள், குடியுரிமையும் போகாது. அதனால் இதைத் தண்டனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெய்சிஸ்ட்ராடஸ் குடும்பத்தின் சர்வாதிகாரம் கி.மு. 510இல்தான் ஒழிந்திருந்தது. இன்னொருவன் அப்படித் தலையெடுத்துவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. முதல் வாக்கெடுப்பு கி.மு. 487இல் நடந்தபோது வெளியேறிய ஹிப்பார்க்கஸ் அந்தக் குடும்பத்தின் உறவினர்தான்.

அப்புறம் அது அரசியல் எதிரியைக் கழற்றிவிடும் வழியாகவும் ஆகிவிட்டது. நேர்மைக்குப் பேர்போன அரிஸ்டைடீஸ் கி.மு. 482இல் போனார், பாரசீகப் படை வந்ததும் 480இல் அவர்களே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவருடைய எதிரி தெமிஸ்டோக்ளீஸ், பாரசீகர்களுக்கு எதிரான சலாமிஸ் கடற்போரை வென்று கொடுத்தவர், பத்து வருடத்துக்குள் அவருக்கும் அதே கதி. கடைசியில் அவர் பாரசீக மன்னரிடமே அடைக்கலம் போனார் என்பது தனிக்கதை.

இந்தத் தெமிஸ்டோக்ளீஸ் விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1937இல் அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு பழைய கிணற்றிலிருந்து சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் அவர் பெயர். பெரும்பாலானவை கிண்ணங்களின் அடிப்பாகம். கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் மொத்தமே 14 பேர்தான்! அதாவது யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள், கூட்டத்தில் விநியோகிக்க. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவி என்றும் சொல்லலாம். கட்சி வேலை என்றுதான் நான் சொல்வேன்.

வேறு சில ஓடுகளில் பெயரோடு திட்டும் உண்டு. 'கிமோன் எல்பினிக்கியையும் கூட்டிக்கொண்டு போகட்டும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கிமோன் ஏதென்ஸின் தளபதி, எல்பினிக்கி அவருடைய சகோதரி, ஊர் இருவரையும் இணைத்து வம்பு பேசியது.

கி.மு. 417 வாக்கில் நிக்கியாஸ், அல்சிபியாடீஸ் என்ற இரண்டு போட்டித் தலைவர்களில் ஒருவர் போவது உறுதி என்ற நிலை. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, ஹைப்பர்போலஸ் என்ற மூன்றாமவர் பெயரில் ஓடு விழும்படி செய்துவிட்டார்கள். அதன்பின் ஏதென்ஸ்காரர்கள் யாரையும் அப்படி அனுப்பவில்லை, சட்டத்தை மட்டும் நீக்காமல் வைத்திருந்தார்கள்.