பட்டியலில் இல்லாத நண்பர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் நடத்துகிறோம். சீனியர்களின் பாடப்புத்தகங்களையும் லேப் சாமான்களையும் ஜூனியர்களுக்குக் கைமாற்றிவிடும் ஆப். போட்டி ஒன்றில் பரிசும் வாங்கினோம். ஆனால் போன மாதம் எங்களை மதிப்பிட வந்தவர்கள், போட்டி அனுகூலம், அதாவது மற்றவர்களை முந்தவைக்கும் பலம், என்று எங்களிடம் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு வளமும் பயனுள்ளதா, அரியதா, காப்பியடிக்க முடியாததா, அதைப் பயன்படுத்திக்கொள்ளக் குழு அமைந்திருக்கிறதா என்று நான்கு கேள்வி கேட்கும் விஆர்ஐஓ (VRIO) அட்டவணையில் எங்கள் வளங்களைப் போட்டுக் காட்டியிருந்தோம்: ஆப், எங்கள் கோடிங் திறமை, பேராசிரியரின் வழிகாட்டல், கல்லூரி தந்த அறையும் சர்வரும், பரிசு. எல்லாவற்றுக்கும் நான்கு கட்டத்திலும் 'ஆம்'. மூன்று பேர் கோடிங் செய்கிறோம். இன்னொருவன் அறை அறையாகப் போய்ப் புத்தகம் சேகரிப்பது, சரிபார்ப்பது போன்ற உதவி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறான். பட்டியலில் இன்னும் எதைச் சேர்க்கலாம்? ஆப்புக்குக் காப்புரிமை எடுக்கலாமா?

– ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

காப்புரிமை யோசனையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்துவைக்கும் ஓர் ஆப்பை உங்கள் வகுப்பிலேயே இன்னும் பத்துப் பேரால் எழுதிவிட முடியும். பரிசுக்கு வாழ்த்துகள், அதை வீட்டில் மாட்டிவையுங்கள். பேராசிரியர் நாளைக்கு இன்னொரு குழுவுக்கும் வழிகாட்டுவார், காட்டவும் வேண்டும். அறையும் சர்வரும் இரவல், படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவை. இரவல் பொருளில் செய்தது யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த கூகுள் பயன்படுத்திய பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை அதை உருவாக்கிய மாணவர்கள் பெயரில் இல்லை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமைக்காக நிறுவனம் 18 லட்சம் பங்குகளைக் கொடுத்தது, பல்கலைக்கழகம் 2005-இல் அவற்றை விற்று 33 கோடி டாலருக்கு மேல் பார்த்தது. அவர்கள் முறையாகப் பேசி முடித்தார்கள். பேசாமல் விட்டவர்கள்தான் பின்னால் அவஸ்தைப்படுகிறார்கள்.

சரி, இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியது. உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்ததற்குக் காரணம் வேறு. "உதவி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறான்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அந்த வரி. கொஞ்ச நாளாகவே நான் ஒருவனை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் செய்ததையும் நாங்கள் இதே வார்த்தையில்தான் சொன்னோம்.

படிக்கிற காலத்தில் நாங்கள் மூன்று பேர் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் ஒருவனுடையது. டைப் அடிப்பது நான். மூன்றாமவனுக்கு வேலை, டிராஃப்டை எடுத்துக்கொண்டு கைடுகளின் அறை வாசலில் நின்று திருத்தம் வாங்கி வருவது. அவனிடம் கோடு போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கைடுக்கும் ஒரு பக்கம், எல்லாம் பென்சிலில். "இடது மார்ஜின் ஒன்றரை இன்ச். படத்தின் பெயர் படத்துக்குக் கீழே. முதல் அத்தியாயம் மட்டும் வரி விடாமல் படிப்பார்." சில பக்கங்களின் மூலையில் மட்டும் ஒரு சின்ன முக்கோணம் போட்டிருப்பான்.

எங்களிடம் கொடுத்த ரிப்போர்ட் திரும்பி வராது என்று பேர் இருந்தது. வேறொரு குழு எங்களைவிட நல்ல பிரிண்டரோடு வந்து பார்த்தது, நிற்க முடியவில்லை. அந்தப் பேர் கம்ப்யூட்டரால் வந்தது என்றே நம்பினோம். வரும்படியில் பாதி கம்ப்யூட்டர்காரனுக்கு, மீதியில் பெரும்பங்கு எனக்கு. ஒருநாள் அவன் தன் பங்கைப் பற்றிக் கேட்டான். "அலையறதை யார் வேணும்னாலும் செய்யலாமேடா" என்று சொன்னேன். அவன் சண்டை போடவில்லை. மறுநாள் நோட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான், அப்புறம் வரவேயில்லை.

நோட்டு எங்களிடம் இருந்தது, ஆனால் ஒரே மாதத்தில் ரிப்போர்ட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. பைண்ட் செய்ததைப் பிரித்து மறுபடி அடித்தோம். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தபோது அந்த முக்கோணத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "அவங்க கடைசி நாள்ல தலைப்பை மாத்துவாங்க. அட்டையைக் கடைசியாத்தான் அடிக்கணும்" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றுதான் சொன்னான், ஆனால் அன்றைக்கு நான் சொன்னதை அவன் மறந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நீங்கள் அட்டவணை போட்டீர்களே, அதன் வேர் ஜே பார்னி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1991-இல் எழுதிய கட்டுரை. ஒரு வளத்தை மற்றவர்கள் ஏன் காப்பியடிக்க முடிவதில்லை என்பதற்கு அவர் மூன்று காரணம் சொல்கிறார்: அது உருவான காலமும் சூழலும் திரும்ப வராது, எதனால் வெற்றி வந்தது என்று வெளியாளுக்கு (சில சமயம் உள்ளே இருப்பவருக்கே) புரியாது, அது மனிதர்களுக்கிடையேயான உறவில் கட்டப்பட்டிருக்கும். மூன்றும் அந்த நோட்டைச் சுமந்தவனிடம் இருந்தன. அவருக்கும் முன்னால், 1959-லேயே, எடித் பென்ரோஸ் என்ற பொருளியலாளர் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டார்: வளம் வேறு, அந்த வளத்திலிருந்து கிடைக்கும் சேவை வேறு. நோட்டு எங்கள் மேஜையிலேயே கிடந்தது, அது தந்த சேவை அவனோடு போய்விட்டது. 1989-இல் டீரிக்ஸ், கூல் என்ற இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். சில சொத்துகள் நாள்பட நாள்படத்தான் சேரும், இரண்டு வருடத்தில் சேர வேண்டியதை இரட்டிப்புச் செலவு செய்து ஒரே வருடத்தில் சேர்த்துவிட முடியாது.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். இருபது கட்டத்திலும் ஒரு 'ஆம்' வைத்தால் மதிப்பிட வந்தவர் எதை மதிப்பிடுவார்? கோபமாகத்தான் கேட்கிறேன், அவ்வளவு அவசரம் உங்கள் அட்டவணையில். உங்கள் ஆப் பயனுள்ளது, ஆனால் அரியது இல்லை. அப்படியென்றால் அது மற்றவர்களோடு சமமாக நிற்க உதவும், அவ்வளவுதான். பயனுள்ளதாகவும் அரியதாகவும் இருந்து காப்பியடிக்க முடிவதாக இருந்தால் கொஞ்ச காலத்துக்கு முந்தலாம். மூன்றும் இருந்தும் நான்காவது கட்டம் காலியாக இருந்தால், அதாவது அந்த வளத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி குழு அமையவில்லையென்றால், அது இருந்தும் வீண். நாங்கள் தோற்றது அந்த நான்காவது கட்டத்தில்தான்.

உங்கள் நண்பருக்கு என்ன தெரியும் என்று நான் ஊகிக்கத்தான் முடியும். எந்த சீனியர் பரீட்சை முடிந்த மறுநாளே புத்தகத்தைத் தூக்கிக் கொடுப்பார், யார் ஊருக்குக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் கொடுப்பார், எந்தப் பாடத்தின் பழைய பதிப்பை வாங்கினால் விலைபோகாது, எந்தப் புத்தகத்தில் பக்கம் கிழிந்திருக்கும். அவரை நம்பித்தான் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஆப்பை நம்பி இல்லை. அப்படித்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அவர் போகாத வாரத்தில் எத்தனை புத்தகம் வந்தது என்று உங்கள் கணக்கையே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிவிட்டு அவரை அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுத முடிந்ததை எழுதட்டும், ஒரு ஜூனியரைக் கூட அழைத்துப் போய்ப் பழக்கட்டும், அடுத்த வருடம் நீங்கள் நால்வரும் கிளம்பும்போது யாராவது ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் பங்கைப் பேசி எழுதுங்கள். நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு சேரும்படியும், முதல் வருடம் முடியும் முன் விலகினால் எதுவும் கிடையாது என்றும் ஸ்டார்ட்அப்களில் எழுதிக்கொள்வது வழக்கம்தான். அதே விதி நால்வருக்கும். கோடிங் செய்கிறவருக்கு ஒன்று, அலைகிறவருக்கு ஒன்று என்று வைக்காதீர்கள்.

பட்டியலில் எதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரம் அவர் புத்தகம் வாங்கக் கிளம்பும்போது லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு நீங்களும் கூடப் போங்கள். எந்தக் கதவை முதலில் தட்டுகிறார், எதைத் தட்டாமல் தாண்டிப் போகிறார் என்று பாருங்கள். தாண்டிப் போனது ஏன் என்று கேளுங்கள்.

அன்புடன்