வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்கும் தூரமும் இரு மடங்குதானா?

மணிக்கு 50 கிலோமீட்டருக்குப் பதில் 100 கிலோமீட்டரில் சென்றால், கார் நிற்க இரு மடங்கு தூரம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதாலும், அந்த ஆற்றல் முழுவதையும் ஏறத்தாழ மாறாத உராய்வு விசையே வெப்பமாக மாற்றியாக வேண்டும் என்பதாலும், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது.

உலர்ந்த தார்ச்சாலையில், நல்ல டயருள்ள காரின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 7 மீட்டர் என்ற அளவு குறைவதாகக் கொண்டால், 50இல் அத்தூரம் சுமார் 14 மீட்டர்; 100இல் சுமார் 55 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு மிதியை அழுத்த ஒரு நொடி ஆகும் என்றால், அந்த நொடியில் கடக்கும் 14 மீட்டரையும் 28 மீட்டரையும் முறையே கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது, முதல் கார் 28 மீட்டரில் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில்தான் இரண்டாவது கார் பிரேக் பிடிக்கவே தொடங்குகிறது. என்னைக் கேட்டால், சூத்திரத்தைவிட நினைவில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

வண்டியின் நிறை கூடினால் இயக்க ஆற்றலும் உராய்வு விசையும் ஒரே விகிதத்தில் கூடுவதால், நிறை இக்கணக்கில் இரு புறமும் அடிபட்டுப் போகும். ஆயினும், சுமையேற்றிய லாரி நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கையே நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பதால், அங்கே கீழ் கியரில் இறங்குவதே முறை. மழையில் உராய்வு பாதியானால் 55 மீட்டர் 110 ஆகும்.