எடுத்த பணம் திரும்பிப் போகாமல் இஸ்திக்ஃபார் மட்டும் போதுமா?

ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், முதலாளிக்குத் தெரியாமல் அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் எடுத்திருக்கிறார். மொத்தம் எவ்வளவு என்று அவருக்கே நினைவில்லை. அப்புறம் வேலையை விட்டுவிட்டார், அழுது தவ்பாவும் (பாவத்தை விட்டு மீண்டு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பது) செய்துவிட்டார். இதற்கிடையில் முதலாளி மவுத்தாகிவிட்டார். "திருப்பிக் கொடுக்கப் போனால் திருடன் என்று தெரிந்துவிடும். இஸ்திக்ஃபாரை (பாவமன்னிப்புக் கேட்கும் வாசகத்தை) இத்தனை ஆயிரம் தடவை ஓதினால் எல்லாம் அழிந்துவிடும், உங்களால் முடியாவிட்டால் நாங்களே ஆள் வைத்து ஓதி முடித்துத் தருகிறோம் என்று ஒருவர் ஒரு தொகை கேட்கிறார். கொடுக்கலாமா? எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டா?"

மன்னிப்பு உண்டு. அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். முதலாளியின் பணத்தை அவருடைய வாரிசுகளிடம் சேர்த்துவிடுங்கள், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதில் இவ்வளவுதான். ஆனால் இதை எப்படிச் செய்வது என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தவ்பாவுக்கு என்ன வேண்டும் என்பதை இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீன் என்ற ஹதீஸ் நூலில் ரொம்பச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பாவத்தை விட வேண்டும், செய்ததற்காக மனம் வருந்த வேண்டும், இனி ஒருபோதும் அந்தப் பக்கம் போவதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் மட்டும் உள்ள பாவமென்றால் இந்த மூன்றோடு முடிந்தது. இன்னொரு மனிதனின் உரிமை அதில் மாட்டியிருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது: அந்த உரிமையை அவரிடம் ஒப்படைக்க வேண்டும், பொருளாக இருந்தால் பொருளைத் திருப்ப வேண்டும். சகோதரர் முதல் மூன்றையும் செய்துவிட்டார். நான்காவது பாக்கி இருப்பதால்தான் மனசு உறுத்துகிறது. அந்த உறுத்தல் ஷைத்தானின் ஊசலாட்டம் இல்லை, அதை ஓதி அமர்த்தப் பார்க்காதீர்கள்.

இஸ்திக்ஃபாரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நபி (ஸல்) அவர்களே ஒரு நாளில் எழுபது தடவைக்கும் மேல் பாவமன்னிப்புக் கேட்பதாகச் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, நூறு தடவை என்று முஸ்லிம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கிறது. ஆனால் அதே புகாரியில்தான் இதுவும் இருக்கிறது: தன் சகோதரனின் மானத்திலோ வேறு எதிலோ அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அவருடைய நன்மைகளிலிருந்து எடுக்கப்படும், நன்மை இல்லையென்றால் மற்றவரின் பாவம் அவர் தலையில் ஏற்றப்படும். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இன்னும் கடுமை. இந்த உம்மத்தின் (சமுதாயத்தின்) ஓட்டாண்டி யார் என்று நபி (ஸல்) விளக்குகிறார்கள்: தொழுகை, நோன்பு, ஸகாத் எல்லாம் மூட்டையாகக் கொண்டு வருவான், கூடவே ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன் மீது அவதூறு சொல்லியிருப்பான், ஒருவன் சொத்தைத் தின்றிருப்பான்; நன்மைகள் அவர்களுக்குப் பங்கு போய், அதுவும் தீர்ந்து, அவர்களுடைய பாவத்தைச் சுமந்து நரகத்தில் போடப்படுவான். அல்லாஹ்வின் பாதையில் உயிர் நீத்து ஷஹீதானவருக்கே கடனைத் தவிர மற்றதெல்லாம் மன்னிக்கப்படுகிறது என்று இருக்கும்போது, எண்ணிக்கை வைத்து ஓதுவது முதலாளியின் பணத்தை எப்படி அடைக்கும்?

இப்போது அந்த 'ஓதித் தருகிறோம்' ஆள். பாவங்களை அல்லாஹ்வைத் தவிர மன்னிப்பவர் யார் என்று குர்ஆன் (3:135) கேட்கிறது. தவ்பாவுக்கு இடையில் ஆள் கிடையாது, கட்டணம் கிடையாது, ரசீது கிடையாது. உங்களுடைய வருத்தத்தை வாடகைக்கு ஆள் பிடித்துப் பட வைக்க முடியுமா? உங்களுக்காக ஒருவர் துஆ செய்வது நல்ல விஷயம், அதற்கு யார் தடை சொன்னது, ஆனால் துஆ செய்பவர் முன்பணம் கேட்கமாட்டார். 'இந்த ராத்திரியில் இத்தனை தடவை ஓதினால் இத்தனை வருடப் பாவம் போய்விடும்' என்று செல்போனில் சுற்றிவரும் செய்திகளில் பலவற்றுக்கு எந்த நூலும் இருக்காது, எண்ணிக்கை மட்டும் பூஜ்யம் பூஜ்யமாக இருக்கும். இதில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. மேடையில் கூட்டத்தை உட்கார வைத்து வரி வரியாகத் தவ்பா சொல்லிக் கொடுக்கிறவர்கள், 'யாருடைய பணமாவது உங்களிடம் இருந்தால் இந்த வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்' என்ற ஒரு வரியைச் சேர்த்தால் என்ன? அதைச் சொன்னால் அழுகை நின்றுபோகும் என்று பயமோ என்னவோ. பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் பாடமும் அதே கதைதான், உளூவின் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது) பர்ளை, அதாவது கட்டாயப் பகுதிகளை, மனப்பாடமாக ஒப்பிக்கும் பையனுக்கு அடுத்தவன் பொருள் கையில் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது.

சரி, கொடுப்பது எப்படி? இதில் எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒரு பொறியும் இருக்கிறது. 'எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டால்தான் தவ்பா முழுமையாகும்' என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தன் பாவத்தைத் தானே வெளியில் போட்டு உடைப்பவர்களைத் தவிர என் உம்மத்தினர் அனைவரும் மன்னிக்கப்படுவார்கள் என்பது நபிமொழி. இரவில் அல்லாஹ் மறைத்து வைத்ததைக் காலையில் எழுந்து ஊருக்குச் சொல்கிறவனைப் பற்றித்தான் அதில் பேச்சு. உங்கள் மீது கடமை பணம் போய்ச் சேருவது. 'உங்கள் தகப்பனாருக்கு வர வேண்டிய பாக்கி' என்று ஒரு சீட்டோடு அனுப்பலாம், அது பொய் இல்லை, பாக்கிதானே. வங்கி வழியாகவோ, வாய் திறக்காத ஒரு நம்பிக்கையான ஆள் வழியாகவோ சேர்க்கலாம். ஆனால் அன்பளிப்பு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், நாளைக்கு அவர்கள் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவர்களாக ஆகிவிடுவார்கள், அது இன்னொரு அநியாயம். இடையில் ஆள் வைத்தால், முழுத்தொகை போய்ச் சேர்ந்ததா என்று உறுதிப்படுத்துங்கள். சேராவிட்டால் உங்கள் கழுத்திலிருந்து அது இறங்கவில்லை.

தொகை நினைவில்லை என்கிறீர்கள். எத்தனை மாதம் எடுத்தீர்கள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், சந்தேகம் வரும் இடத்தில் கூடுதல் பக்கம் சாயுங்கள். இதற்கு மேல் பாக்கி இருக்காது என்று மனசு சொல்லும் தொகையில் நிறுத்துங்கள். அதற்கப்புறமும் 'இன்னும் இருக்குமோ, இன்னும் இருக்குமோ' என்று வந்தால் அதுதான் வஸ்வாஸ், ஷைத்தானின் ஊசலாட்டம்.

முதலாளி இறந்துவிட்டதால் பணம் உங்களுக்கு ஹலாலாகிவிடவில்லை, அது அவர் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு பகுதி. அவருக்குக் கடன் இருந்து இன்னும் அடைபடாமல் இருந்தால் முதலில் அதற்குப் போக வேண்டும், பிறகு வாரிசுகளுக்கு. நான் அதிகம் பார்க்கும் தவறு இங்கேதான்: தெரிந்தவர் என்பதால் மூத்த மகனிடம் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு, அப்பாடா என்று வீட்டுக்கு வந்துவிடுவது. அந்த மகன் தன் தாயாருக்கும் தங்கைகளுக்கும் அதில் கொடுப்பாரா? பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. இறந்தவரின் தாய் தந்தை உயிரோடு இல்லையென்றால் மீதி முழுவதும் பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. தாய் தந்தை இருந்தால் அவர்களுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று உண்டு. வாரிசு யார் யார் என்று தெரிந்துகொண்டு பிரித்துச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. பெண்களின் பங்கை விழுங்குவதில் நம் ஆட்களுக்கு இருக்கும் சாமர்த்தியம் தெரிந்தும் 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விடாதீர்கள். வாரிசுகளில் வயது வந்த ஒருவர் விவரம் தெரிந்து மனமார 'என் பங்கு வேண்டாம்' என்றால் அவர் பங்கு மட்டும் நீங்கும். சிறு பிள்ளையின் பங்கை மன்னிக்க அதன் தாயாருக்குக்கூட அதிகாரம் இல்லை.

வாரிசுகளையே கண்டுபிடிக்க முடியவில்லையென்றால்? உங்கள் விஷயத்தில் இது வராது என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் இந்த ஒரு கதவைத்தான் எல்லோரும் முதலில் தட்டுகிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) ஓர் அடிமைப்பெண்ணை விலைக்கு வாங்கினார்கள், விற்றவர் பணத்தை வாங்காமலே காணாமல் போய்விட்டார். ஒரு வருடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு அந்த விலையை ஒன்றும் இரண்டுமாக ஏழைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். யா அல்லாஹ், இது அவர் சார்பாக, அவர் வந்து ஏற்காவிட்டால் நன்மை எனக்கு, கடன் என் மீது என்றார்கள். இதில் கவனியுங்கள், முதலில் தேடல், அதுவும் ஒரு வருடம். அடுத்து, தர்மம் உரியவர் பெயரில். மூன்றாவது, உரியவர் பின்னால் வந்துவிட்டால் அவர் சொல்வதுதான் முடிவு, தர்மத்தின் நன்மையை எடுத்துக்கொள்வதா பணத்தைக் கேட்பதா என்பது அவர் விருப்பம், கேட்டால் நீங்கள் கைப்பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். நம்மவர்களோ தேடாமலேயே தர்மத்துக்குப் போய்விடுகிறார்கள், காரணம் அதில் முகம் காட்ட வேண்டியதில்லை. போதாததற்குத் தன் பெயரிலேயே நன்கொடை எழுதி வைப்பவர்களும் உண்டு. அல்லாஹ் தூயவன், தூயதைத் தவிர ஏற்கமாட்டான் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அடுத்தவர் பணத்தில் உங்களுக்கு ஸதகா நன்மை கிடையாது, வாரிசு பக்கத்துத் தெருவில் இருக்கும்போது அதைத் தர்மம் செய்தால் கடமையும் நீங்காது.

உங்களுக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்டதற்கு வருகிறேன். தங்களுக்கே வரம்பு மீறி அநீதி செய்துகொண்டவர்களைப் பார்த்துத்தான் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று குர்ஆன் (39:53) பேசுகிறது. தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவர் எனக்குத் தவ்பா உண்டா என்று ஒரு துறவியிடம் போய்க் கேட்டார், இல்லை என்றதும் அவரையும் கொன்று நூறாக்கினார். அப்புறம் ஓர் அறிஞரிடம் போனார். உனக்கும் தவ்பாவுக்கும் நடுவில் நிற்க யாரால் முடியும் என்று கேட்ட அந்த அறிஞர் அதோடு விடவில்லை, அந்தக் கெட்ட ஊரை விட்டு நல்லவர்கள் இருக்கும் இன்ன ஊருக்குப் போ என்றார். போகும் வழியிலேயே அவருக்கு மரணம் வந்தது, ஒரு சாண் தூரம் அந்த நல்ல ஊருக்கு நெருங்கியிருந்ததால் அவர் மன்னிக்கப்பட்டார் (புகாரி, முஸ்லிம்). அவருக்கு அவகாசம் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்களுக்கு அவகாசமும் இருக்கிறது, கொடுக்க வேண்டியவர்களின் முகவரியும் இருக்கிறது.

மொத்தமாகக் கொடுக்க வசதி இல்லையென்றால் தவணையாகக் கொடுங்கள். திருப்பித் தரும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ் அதை நிறைவேற்றித் தருவான் என்று புகாரியில் வருகிறது. நீங்கள் எடுத்தபோது அந்த எண்ணம் இல்லை, சரி, இன்றிலிருந்தாவது இருக்கட்டும். கடைசித் தவணை முடியட்டும், அப்புறம் அல்லாஹ்விடம் கேட்கிறேன் என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்கே உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது கேளுங்கள், பாவம் செய்தவர் அப்படிச் செய்தால் மன்னிக்கப்படும் என்று அபூபக்ர் (ரலி) வழியாகத் திர்மிதீ ஹதீஸ் தொகுப்பில் வந்திருக்கிறது. கூடவே ஒரு தாளில் வஸிய்யத்தாக (மரண சாசனமாக) எழுதி வையுங்கள்: இன்னாரின் வாரிசுகளுக்கு நான் இவ்வளவு தர வேண்டும், இதுவரை இவ்வளவு கொடுத்திருக்கிறேன். எப்படி வந்த கடன் என்று எழுத வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் அந்தத் தாளைத் திருத்துங்கள், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.