ஆறு நிமிடம் தாமதம், கவுன்சில் டிக்கெட்: கட்ட வேண்டுமா?

கேள்வி: லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பார்க்கிங்கில் 2 மணி வரை பணம் கட்டியிருந்தேன். 2.06-க்கு அபராத டிக்கெட் ஒட்டிவிட்டார்கள். ஐந்து நாள் ஆகிறது. பார்க்கிங் சேவை திருப்தியா என்று கவுன்சில் இணையத்தில் கருத்துக் கேட்டிருந்தது. நடந்ததையெல்லாம் அதில் கொட்டிவிட்டேன். அது போதுமா?

பதில்: போதாது. கருத்துக் கணிப்பில் எழுதுவது டிக்கெட்டை எதிர்த்ததாக ஆகாது. பொதுப் புகார்ப் பிரிவுக்கு எழுதினாலும் அதே கதைதான். நாள் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றே டிக்கெட் எண்ணைப் போட்டு, அதிலேயே குறிப்பிட்டுள்ள வழியில் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். 14 நாளுக்குள் எழுதினால், மறுத்தாலும் பாதித் தொகை கட்டும் வாய்ப்பைப் பெரும்பாலான கவுன்சில்கள் மறுபடி தருகின்றன. கவுன்சில் பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

நியாயம் உங்கள் பக்கம்தான். இங்கிலாந்தில் 2015 முதல், கட்டிய நேரம் முடிந்து 10 நிமிடம் கழியாமல் கவுன்சில் அபராதம் போடக்கூடாது. கட்டிய ரசீது, டிக்கெட்டில் உள்ள நேரம், இந்த இரண்டும் போதும். நீளமாகக் கதை எழுத வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த 10 நிமிடம், ஒழுங்காக நிறுத்திய வண்டிக்குத்தான். மஞ்சள் கோட்டில் கிடையாது. பணமே கட்டாவிட்டால் கிடையாது. செல்போனில் கட்டும்போது இட எண்ணை மாற்றிப் போட்டு வேறு தெருவுக்குக் கட்டியிருந்தாலும் கட்டாதவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். டிக்கெட்டில் குற்ற எண் 05 என்றால் கட்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். 11 என்றால் கட்டவே இல்லை என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம், "நான் கேன்சல் பண்ணித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். எதிர்ப்பு எழுதுவதும் இலவசம், தீர்ப்பாயத்துக்குப் போவதும் இலவசம். அபராதம் கட்டச் சொல்லி லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடாதீர்கள். பார்க்கிங் யந்திரத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடையும் நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் ஸ்டிக்கரை அதன் மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

முதல் பதில் அச்சடித்த மறுப்பாக வரலாம். எத்தனையோ பேர் அதைப் பார்த்துப் பயந்து பாதியைக் கட்டிவிடுகிறார்கள். நியாயமாக வாதாடியவரையே மூன்று படி ஏறவைக்கும் இந்த முறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்படி மனம் நொந்து கட்டியவரின் குறை எந்தத் திருப்திக் கணக்கில் வரும்?

மறுத்தால், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அடுத்த நோட்டீஸ் வரும். 28 நாளுக்குள் அவர் முறையாக எழுத வேண்டும். அதற்கு 56 நாளில் கவுன்சில் பதில் தராவிட்டால் டிக்கெட் ரத்து. மறுபடி மறுத்தால் லண்டன் தீர்ப்பாயம் இருக்கிறது. வண்டி கணவர் பெயரில் என்றால் அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவைத்தால் முழுத் தொகையின் மேல் இன்னும் 50 சதவீதம் ஏறும்.