'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: மேடம், பொதுத்துறை வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாதிக் காலம் அம்பத்தூர், கிண்டி பக்கம் சிறுதொழில் கடன் பிரிவில். ஓ.எம்.ஆரில் ஒரு பொறியியல் கல்லூரியின் இன்குபேஷன் சென்டரில், புதிதாகத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தொழிலின் அடிப்படையைச் சொல்லித் தரக் கேட்டிருக்கிறார்கள். எட்டு சனிக்கிழமை, 22 பேர். பாடத்திட்டத்தில் பிட்ச் டெக் (முதலீட்டாளர்களிடம் காட்டும் ஸ்லைடுகள்), வேல்யூவேஷன் (நிறுவனத்தின் மதிப்பைக் கணிப்பது), பிசினஸ் மாடல் கேன்வாஸ் (தொழில் திட்டத்தை ஒரே பக்கத்தில் வரைவது) என்று இருக்கிறது. முதல் வகுப்பில் பிரேக் ஈவன், அதாவது வரவும் செலவும் சமமாகும் நிலை பற்றிப் பேசினேன். பாதிப் பேர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு பையன், "அதெல்லாம் ஃபண்டிங் வந்த பிறகு சார்" என்றான். என்ன சொல்லித் தருவது? மரியாதையாக விலகிவிடலாமா?

- ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அண்ணா நகர்

பதில்: விலகாதீர்கள் சார். பிரேக் ஈவனை மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள், போதும். இன்னும் ஒரு ரூபாய்க்குக்கூட விற்காத பையனிடம் அதைப் பேசினால் லேப்டாப்பைத்தான் பார்ப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

முதலில் சொல்லித் தர வேண்டியது, 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு அர்த்தம். நான் அதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடத்துக்கு முன் நானும் இரண்டு நண்பர்களும் பள்ளிக் கட்டணம் வசூலிக்க ஒரு மென்பொருள் செய்தோம். 14 பள்ளித் தாளாளர்களைப் பார்த்தோம். 14 பேரும் "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்கள். ஒருவர் காபி வரவழைத்து, அக்கவுண்டன்டைக் கூப்பிட்டு, "இவங்க நம்பரை வாங்கி வச்சுக்கோ, ஜூன்ல பார்க்கலாம்" என்றார். அதை நம்பி இரண்டு பேரை வேலைக்கு எடுத்தோம். ஜூன் வந்தது, போனது. ஒன்றுகூட விற்கவில்லை.

அப்புறம் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. கட்டண லெட்ஜரில் சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் ஒரு தொகை. கவுன்சிலர் சொல்லி அனுப்பிய பிள்ளை, தாளாளரின் சம்பந்தி வீட்டுப் பிள்ளை, அப்பா இறந்துபோன பிள்ளை என்று ஆளுக்கொரு சலுகை. வருடக் கடைசியில் ரப்பரால் அழித்துவிட்டுப் பேனாவால் எழுதுவார்களாம். எங்கள் மென்பொருளோ எந்தச் சலுகையை யார் எந்தத் தேதியில் கொடுத்தார் என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அதைத்தான் 14 இடத்திலும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தோம்!

அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடி வந்த பிள்ளைகளிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனது வராது. உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள், "ஐம்பது பேர் நல்லா இருக்குன்னு சொன்னாங்க சார்" என்பார்கள். அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்தாரா, தன் எக்செல் ஃபைலை நம்பி அனுப்பினாரா, இன்னொருவருக்குப் போன் போட்டு இவர்களைப் பற்றிச் சொன்னாரா? ஒன்றாவது நடந்திருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை வகுப்பறையைப் பூட்டிவிடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்களிடம் கடன் வாங்கிக் கட்டி முடித்த லேத் பட்டறைக்காரர்கள் இருப்பார்களே, அவர்களிடம் மூன்று மூன்று பேராக அனுப்புங்கள். ஒரே நிபந்தனை, தங்கள் ஐடியாவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. "இப்படி ஒரு ஆப் இருந்தா வாங்குவீங்களா?" என்று கேட்கிற குழு அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். கேட்க வேண்டியது வேறு: "கடைசியா இந்தத் தொல்லை எப்போ வந்துச்சு? அன்னைக்கு என்ன பண்ணீங்க? எவ்வளவு செலவாச்சு? அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களாண்ணே?"

என் வகுப்பில் ஒரு குழு, மிஷின் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்லும் ஏஐயோடு கிளம்பியது. பட்டறைக்காரர் அதை மிஷின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். அவருடைய தொல்லை டிசி, அதாவது சரக்கோடு போகிற டெலிவரி சலான். ஜாப் வொர்க்குக்கு உள்ளே வந்த சரக்கின் டிசியும் முடித்துத் திருப்பி அனுப்பிய டிசியும் ஒத்துப்போகாவிட்டால் கம்பெனியில் பில் நின்றுவிடும். மாதத்தில் இரண்டு நாள் அவர் மனைவி டிசி புக்குகளைத் தரையில் பரப்பி வைத்துக் கணக்குக் கூட்டிக்கொண்டிருப்பார். பையன்களுக்கு ஒரே ஏமாற்றம், இதில் ஏஐக்கு எங்கே வேலை என்று. ஒருவன் குழுவைவிட்டே போய்விட்டான். மற்ற இருவரும் இப்போது அந்த டிசி வேலைக்குத்தான் மென்பொருள் விற்கிறார்கள். பெரிய பணமில்லை, ஆனால் மாதா மாதம் வருகிறது.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் கதையைச் சொல்லாத ஸ்டார்ட்அப் வகுப்பு சென்னையில் உண்டா? உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள். எல்லோரும் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான 2021ல் ஆரம்பிப்பார்கள். நீங்கள் 2010ல் ஆரம்பியுங்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் விலையை ஏற்றியதற்கு அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் திட்டிக்கொண்டிருந்ததை அவர் படித்தார். ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் வருடக்கணக்காக ஹெல்ப்டெஸ்க் மென்பொருளோடு புழங்கியவர் என்பதால், அந்தத் திட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. நம் பிள்ளைகளும் அப்படி யார் எதற்குத் திட்டுகிறார்கள் என்று முதலில் தேடட்டும்.

இப்போது அந்த 'ஃபண்டிங் வந்த பிறகு' பையன். 1996ல் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். அதைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு வேற லெவல் சார் என்று தப்பித்துவிடுவான். அவனுக்கு நான்காவது வாரம் போர்டில் இதை எழுதுங்கள். ஜூன் 1 அன்று வங்கியில் 3 லட்சம். இரண்டு பேர் சம்பளம் 60,000, இடத்துக்கு 15,000, சர்வர் அது இது என்று 10,000, ஆக மாதம் 85,000 செலவு. ஜூனில் ஒரு பெரிய கம்பெனிக்கு 2 லட்சத்துக்கு வேலை முடித்து, 18 சதவீத ஜிஎஸ்டி 36,000 சேர்த்து இன்வாய்ஸ் அனுப்பியாயிற்று. புத்தகப்படி ஜூன் லாபம் 1,15,000. பையன் ட்ரீட் வைக்கிறான்.

மாதா மாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் ஜூலை 20க்குள் அந்த 36,000ஐக் கட்டியாக வேண்டும். கம்பெனி பணம் கொடுத்ததா என்று ஜிஎஸ்டி போர்ட்டல் கேட்காது. (வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டை இங்கே விட்டுவிட்டேன், கணக்கு எளிதாக இருக்கட்டும்.) கம்பெனிக்குப் போன் போட்டால், "அக்கவுண்ட்ஸ்ல இருக்குப்பா." ஆகஸ்ட் 31 அன்று கையிருப்பு 9,000. அடுத்த சம்பளத்துக்கு எங்கே போவான்? இதைத்தானே சார் இத்தனை வருடம் ஓவர்டிராஃப்ட் கணக்குகளில் பார்த்தீர்கள்? பெயர் சொல்லாமல் மூன்று கணக்குகளின் கதையை எடுத்துவிடுங்கள், லேப்டாப்புகள் தானாக மூடும்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை எல்லோரும் செய்துவிடட்டும், கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனால் இருக்கிற ஒரே வாடிக்கையாளர் மேல் எந்தப் பையன் புகார் கொடுப்பான்? அதனால் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கப் பழக்குங்கள். கூச்சப்படுவார்கள். வகுப்பிலேயே நீங்கள் கறாரான வாடிக்கையாளராக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்க வையுங்கள்.

பங்கு பிரிப்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஹாஸ்டல் நண்பர்கள் இருவர் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொள்வார்கள். ஒருவன் எட்டாவது மாதம் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய்விடுவான், பாதிக் கம்பெனியும் அவனோடு போய்விடும். நான்கு வருட வெஸ்டிங் (பங்கு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது), முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது என்று எழுதியிருந்தால் அவனுக்கு எதுவும் சேராது. 18 மாதம் இருந்துவிட்டுப் போனால் கம்பெனியில் 18.75 சதவீதம்தான் அவனுக்கு. நட்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்துப் போடுவது நல்லது.

பிரைவேட் லிமிடெட்டுக்கு அவசரப்படுபவர்களிடம், வியாபாரமே நடக்காவிட்டாலும் வருடா வருடம் ஆடிட் உண்டு, வருடாந்திரப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் என்று மட்டும் சொல்லி வையுங்கள். வேல்யூவேஷனுக்கு யாராவது ஒரு ஆடிட்டரை ஒரு மணி நேரம் கூப்பிட்டுக்கொள்ளலாம். தமிழக அரசு ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் டான்சீட் நிதிக்கு விண்ணப்பிப்பதை அவர்களே நம்மைவிட நன்றாகக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எட்டாவது வாரம், குழுக்கள் தங்கள் தயாரிப்பை எல்லோர் முன்னும் காட்டும் டெமோ டே வைத்தே ஆக வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் நிற்பார். வையுங்கள். ஆனால் முதல் ஸ்லைடில் வங்கி ஸ்டேட்மென்ட் இருக்கட்டும், 500 ரூபாய் வரவாக இருந்தாலும் சரி. எதுவும் விற்காத குழு, யார் யார் 'பார்க்கலாம்' என்றார்கள் என்ற பட்டியலைத் தேதியோடு போட்டுக் காட்டட்டும்.