பழைய கடிதங்களில் இருப்பது பரம்பரை நோயா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவருடைய முன்னோர் 1840களிலும் 50களிலும் இண்டியானாவிலிருந்து ஒஹாயோ உறவினர்களுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் வந்துள்ளன. எதைப் பிரித்தாலும் குளிர்காய்ச்சல். மருந்து சாப்பிட்டபின் பல் ஆடுகிறது என்கிறார் ஒரு பெண். மூன்று சகோதரிகள் காசநோயில் போயிருக்கிறார்கள். என் பிள்ளைகளுக்கும் வருமா? ஸ்டாம்ப் ஒட்டிய கடிதங்களை மட்டும் ஒரு வியாபாரி கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் எதுவும் பிள்ளைகளுக்கு இறங்கி வரும் நோய் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கிக் காய்ச்சல் அடித்தது என்றால் அது மலேரியா. அன்றைய இண்டியானாவில் ஆற்றோரமும் சதுப்புநிலமும் அதிகம். கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது, கெட்ட காற்று என்றார்கள். பல் ஆடியதற்குக் காரணம் பெரும்பாலும் கேலமல் என்ற மருந்து. அது பாதரச உப்பு. வாயில் எச்சில் ஊற்றெடுத்தால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பி, அதுவரை கொடுத்துக்கொண்டே இருந்த வைத்தியர்கள் உண்டு. ஈறு வீங்கிப் பல் விழுந்தது அதனால்தான்.

காசநோய் விஷயத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அடுத்தடுத்து மூன்று பேர் என்றதும் ரத்தத்திலேயே இருக்கிறது என்று தோன்றும். அன்றைய வைத்தியர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். 1882இல்தான் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் குளிர்காலம் முழுக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரே அறையில், சில சமயம் ஒரே கட்டிலில் படுத்தார்கள். இருமியவரைக் கவனித்த தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பரவியது, ரத்தத்தில் இறங்கவில்லை.

அடுத்து அந்த வியாபாரி. தயவுசெய்து கொடுக்காதீர்கள். அமெரிக்க அரசின் முதல் ஸ்டாம்புகள் 1847இல்தான் வந்தன: 5 சென்டில் ஃபிராங்க்ளின் படம், 10 சென்டில் வாஷிங்டன் படம். நல்ல விலை போகும், அவருக்கு அது தெரியும். 1845 வரை தாள் கணக்கில் தபால் கட்டணம். உறையும் ஒரு தாளாகக் கணக்காகும். அதனால் கடிதத்தையே மடித்து வெளிப்பக்கம் விலாசம் எழுதினார்கள். அந்தப் பழக்கம் உடனே போகவில்லை. அப்படிப்பட்ட தாளில் ஸ்டாம்பை வெட்டினால் உள்ளே எழுதியதில் ஒரு சதுரம் போய்விடும். குழந்தைக்குப் பேதி நின்றதா என்ற வரி அதில் இருந்திருக்கலாம். வெட்டாமல் வாங்கினாலும் ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பார். கேள்வி ஓர் ஊரிலும் பதில் வேறொரு ஊரிலும் கிடக்கும். எத்தனை குடும்பங்களின் கடிதங்கள் இப்படிச் சிதறிப் போயின! தடுக்க ஒரு சட்டமும் இல்லை. ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தால் பட்டியலிடவே வருடக்கணக்காகும். ஆள் இல்லை, பணம் இல்லை என்பார்கள். அப்படியும் வியாபாரியைவிட அது எவ்வளவோ மேல். கையெழுத்துப் போடுமுன், மொத்தத்தையும் ஒன்றாகவே வைத்திருப்போம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

லேமினேஷன் வேண்டாம், செலோடேப்பும் வேண்டாம். அமிலமில்லாத உறை போதும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தால், போட்டோவைத் திருப்பி வைத்துப் படியுங்கள். இரண்டாவது கடிதம் தெரியும். தேதி வரிசையில் அடுக்கி, உறையின் மேல் பென்சிலால் எண் போடுங்கள். பேனா வேண்டாம்.